அசெஸ்மென்ட்டுக்கு நீயும் போ

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறார்களா என்று பார்த்துக்கொள். இங்கே நாங்கள் நலம். கேளம்பாக்கம் பக்கம் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. ஆனாலும் யாழினிக்குப் பள்ளி பக்கத்தில் இருப்பதால் வீடு மாறும் எண்ணம் இல்லை. அவள் இப்போது நான்காம் வகுப்பு. மிக்ஸி சத்தம் மட்டும் இன்னும் ஆகாது, போடுவதற்கு முன் சொல்லிவிடுவோம். அவளே காதைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

உன் மகன் கவினைப் பற்றி எழுதியிருந்ததை செல்வியும் நானும் திரும்பத் திரும்பப் படித்தோம். மூன்று வயது தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் உன் கையைப் பிடித்து அங்கே இழுத்துப் போகிறான், முன்பு சொல்லிக்கொண்டிருந்த ‘தாத்தா’, ‘பூ’ எல்லாம் நின்றுவிட்டன என்கிறாய். “அவன் அப்பனும் நாலு வயசில்தான் பேசினான்” என்று பெரியம்மா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தாமதமாகப் பேசும் பிள்ளைகள் உண்டு. ஆனால் பேசிய வார்த்தை காணாமல் போவது எந்த வயதில் நடந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம். அங்கன்வாடி டீச்சர் தயங்காமல் சொன்னாரே, அவருக்கு நன்றி சொல்லு.

கவினின் அம்மா, அதான் நம் தங்கச்சி, ஆட்டிசமாக இருக்குமோ என்று போனில் நிரப்பிப் பார்த்த 20 கேள்விப் பட்டியலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. கவினுக்கு அந்த வயது கடந்துவிட்டது. அதோடு, அது ஒரு சல்லடை மாதிரி. யாரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் கிடக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்.

சரி, நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். “அடுத்த வாரம் கவினை அசெஸ்மென்ட்டுக்கு அவள் கூட்டிக்கொண்டு போகிறாள், எனக்கு ஆடிட் இருக்கிறது” என்று எழுதியிருக்கிறாய். லீவு போடு முருகேசா. அந்த அறையில் நீயும் இருக்க வேண்டும்.

ஏன் என்றால், ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையைப் பார்ப்பதும் பெற்றோரைக் கேட்பதும்தான் பரிசோதனையே. முதலில் காது கேட்கிறதா என்று உறுதி செய்வார்கள். அதற்கு பெரா டெஸ்ட் எழுதித் தரலாம். தலையில் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டி, குழந்தை தூங்கும்போது எடுப்பது. அப்புறம் டாக்டர் கேள்விகளை ஆரம்பிப்பார். பிறந்ததும் அழுதானா, எடை எவ்வளவு, எப்போது தலை நின்றது, எப்போது நடந்தான், வலிப்பு வந்ததுண்டா, எந்த வார்த்தை எப்போது நின்றது. தடுப்பூசி அட்டையும் பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் இருக்கட்டும். அவன் தனியாக விளையாடுவது, சாப்பிடுவது, மற்ற பிள்ளைகள் நடுவில் இருப்பது, இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போ. புது இடத்தில் குழந்தை வீட்டில் இருப்பதுபோல் இருக்க மாட்டான்.

உளவியலாளர் தரையில் உட்கார்ந்து விளையாடுவார். சோப்புக் குமிழி ஊதிவிட்டு நிறுத்துவார், இன்னும் வேண்டும் என்று அவரைப் பார்த்துக் கேட்கிறானா என்று கவனிப்பார். பொம்மைக்குச் சோறூட்டச் சொல்வார். பந்தை உருட்டிவிட்டுக் காத்திருப்பார். நமக்கு எழுந்து போய் உதவத் தோன்றும். உதவாதே, அவர் பார்க்க வேண்டியது அவனைத்தான்.

அதற்குப் பிறகுதான் உன் வேலை. நம் நாட்டில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பயன்படும் ஆட்டிச அளவுகோலில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘அரிதாக’ என்பதிலிருந்து ‘எப்போதும்’ என்பது வரை 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. ‘அடிக்கடி’ என்பதற்கும் ‘சில நேரம்’ என்பதற்கும் நடுவே ஒரே ஒரு மதிப்பெண்தான் வித்தியாசம், ஆனால் 40 கேள்விகளில் அது எவ்வளவு சேரும் என்று பார். எங்கள் யாழினிக்கு இதே அசெஸ்மென்ட் நடந்தபோது, அவள் கண்ணைப் பார்க்கிறாளா என்ற கேள்விக்கு செல்வி ஒன்று சொன்னாள், நான் வேறொன்று சொன்னேன். இரண்டும் உண்மை. பகலில் பால் கொடுத்து, குளிப்பாட்டி, கூடவே இருப்பவளிடம் அவள் பார்ப்பாள். சாயங்காலம் வந்து கொஞ்ச நேரம் தூக்கும் என்னிடம் பார்க்க மாட்டாள். உளவியலாளர் இரண்டையும் குறித்துக்கொண்டார். நான் போகாமல் இருந்திருந்தால் பாதிப் படம்தான் அவர் கையில் இருந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. தங்கச்சி தனியாகப் போனால், ‘நீதானே போனைக் கொடுத்தாய், நீதானே சரியாகப் பேசிப் பழக்கவில்லை’ என்பதெல்லாம் அவள் தலையில்தான் விழும். இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. தாயின் பாசம் போதாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950, 60களில் அமெரிக்காவில் மருத்துவர்களே நம்பினார்கள். அதை எதிர்த்து 1964இல் ஒரு புத்தகமே எழுதியவர் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர். ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்கு அப்பா அவர். இது மூளையின் வளர்ச்சியைச் சார்ந்தது, வளர்ப்பால் வருவதில்லை என்று வாதாடினார். மரபணுக்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று இன்றைக்கு எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். வீட்டில் யாராவது அவளைக் குறை சொன்னால் நீ வாய் திறந்து பேச வேண்டும். அதற்கு டாக்டர் சொன்னதை நீயும் நேரில் கேட்டிருக்க வேண்டும்.

செலவைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தாய். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், 18 வயது வரையுள்ளவர்களுக்காக அரசு மருத்துவமனைகளில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களை, அதாவது வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவும் மையங்களை, வைத்திருக்கிறார்கள். முதலில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் விசாரி. இங்கே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது. அங்கே காட்டுவதென்றால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், லாட்ஜ் பேச்சே எடுக்காதே.

ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தால் சான்றிதழ் வாங்கலாமா வேண்டாமா என்ற குழப்பம் வரும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது, வாங்கி வை. நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் வரை கிடைக்கும், தெரபிக்கும் உதவும். ஆனால் ஸ்பீச் தெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் தொடங்க சான்றிதழுக்காகக் காத்திருக்காதே. ஆட்டிசம்தானா என்று முடிவாகும் முன்பே தொடங்கலாம், அதனால் குழந்தைக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடு. அது இந்தியாவில் ஆட்டிசத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை.

தேதி முடிவானதும் எனக்குப் போன் செய். பெரியம்மாவிடம் செல்வி பேசுகிறேன் என்கிறாள். தன் மாமியாரிடம் பேசிய அனுபவம் அவளுக்கு இருக்கிறது, பெரியம்மாவும் அவள் சொன்னால் கேட்பார்கள். ஆடிட் மேனேஜரிடம் எப்படி லீவு கேட்பது என்று தயங்காதே. மகனுக்கு ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல், போதும்.

அன்புடன்,
சங்கர்