16-ஐ எடுத்துவிட்டு 32 போடச் சொன்னாராமே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய டிபி பாக்ஸ் (வீட்டுக்குள் கரண்ட்டைப் பல லைனாகப் பிரிக்கும் பெட்டி) படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். அடிக்கடி ட்ரிப் ஆகிறது, 16 ஆம்பியர் எம்சிபியை (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்சை) எடுத்துவிட்டு 32 போட்டால் தொல்லை விட்டது என்று யாரோ சொன்னாராமே, அதை மட்டும் செய்துவிடாதே. அந்த எம்சிபி உன் ஹீட்டரைக் காப்பாற்ற அங்கே இல்லை, சுவருக்குள் போகிற ஒயரைக் காப்பாற்ற இருக்கிறது. 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயருக்கு 16 என்று பார்த்துப் போட்டது அது. 32 போட்டால் ட்ரிப் ஆகாது, உண்மைதான். 28 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடினாலும் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும், பைப்புக்குள் ஒயர் வெந்துகொண்டிருப்பது உனக்குத் தெரியவே தெரியாது.

ஏன் விழுகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். ஹீட்டர் 2000, இண்டக்ஷன் அடுப்பு 2000, அயர்ன் பாக்ஸ் 1000, மொத்தம் 5000 வாட். 230-ஆல் வகுத்துப் பார், கிட்டத்தட்ட 22 ஆம்பியர் வருகிறது, மூன்றும் ஒரே லைனில்! போட்டவுடன் விழவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் விழுகிறது என்றாயே, அது ஓவர்லோடின் அடையாளம். உள்ளே ஒரு உலோகப் பட்டை சூடேறி வளைந்துதான் இணைப்பை விடுவிக்கும். ஷார்ட் சர்க்யூட் என்றால் கண் இமைப்பதற்குள் பட்டென்று விழுந்திருக்கும். ஹீட்டருக்குத் தனி லைன் இழுக்கச் சொல், தீர்ந்தது.

படத்தில் எனக்குப் பயம் தந்தது வேறு. இடமிருந்து மூன்றாவது எம்சிபிக்குக் கீழே பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது பார், அங்கே ஒரே ஸ்க்ரூவில் இரண்டு ஒயரைத் திணித்திருக்கிறார்கள், ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. தடித்ததுதான் இறுகும், மெல்லியது ஆடும், ஆடுகிற இடம் சூடாகும். இதற்கு எம்சிபி விழாது, ஏனென்றால் கரண்ட் ஒன்றும் கூடவில்லையே. நீயாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போகாதே, மெயினை ஆஃப் செய்தாலும் அதற்கு மேல்பக்கம் வந்து சேரும் ஒயரில் கரண்ட் இருக்கும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்த எம்சிபியை ஆஃபிலேயே வை.

அப்புறம், அந்தப் பெட்டியில் ஆர்சிசிபியே இல்லை, கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்குமே, அது. எம்சிபி இருக்கிறதே என்று நினைக்காதே, மனிதர் உயிர் போக ஆம்பியரெல்லாம் வேண்டாம், சில பத்து மில்லி ஆம்பியர் போதும், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது கண்ணிலேயே படாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம். ஓவர்லோடை அது பார்க்காது, அதனால் இரண்டும் வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார், விழவில்லை என்றால் மாற்று.

புதுப் பெட்டி எத்தனை வே, அதாவது உள்ளே எத்தனை சுவிட்சுக்கு இடம், என்று கேட்டாய். உனக்கு ஏழு லைன், மெயின் ஐசொலேட்டருக்கு (மொத்தத்தையும் நிறுத்தும் சுவிட்ச்) இரண்டு இடம், ஆர்சிசிபிக்கு இரண்டு, ஆக 11. 12 வே போதும் என்பார்கள், நீ 16 வாங்கு, நாளைக்கு ஒரு ஏசி வந்தால் எங்கே போவாய்? மெயின் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க எல்லாவற்றையும் அப்படியே கூட்ட வேண்டாம், ஒரே நேரத்தில் எல்லாம் ஓடாது. மொத்தம் 9000 வாட் என்றால் அறுபது சதவீதம் வைத்துக்கொள், 5400, அது சுமார் 24 ஆம்பியர், 32 ஆம்பியர் மெயின் தாங்கும். ஆர்சிசிபி 40 ஆம்பியரில் இருக்கட்டும். உன் இணைப்புக்கு எவ்வளவு லோடு அனுமதித்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்.

பெட்டியைத் துணி அலமாரிக்குள் மறைத்து வைக்கலாமா என்ற யோசனையை விட்டுவிடு. ஈரம் படாத இடம், எதிரே ஆள் நிற்க இடம், கைக்கு எட்டும் உயரம், அவ்வளவுதான். பயன்படாத ஓட்டைகளை மூடச் சொல், பல்லி உள்ளே போனால் அதுவும் ஷார்ட்தான். நியூட்ரலையும் எர்த்தையும் பெட்டிக்குள் ஒன்றாக முடிச்சுப் போட்டால் ஆர்சிசிபி சும்மா சும்மா விழும், வேலை முடிந்ததும் மூடியைப் போடுவதற்கு முன் அதைக் கேட்டுவிடு. ஒவ்வொரு எம்சிபிக்கும் பெயர் எழுதி ஒட்டச் சொல், "கிச்சன்" என்று மொட்டையாக வேண்டாம், எந்த பிளக், எந்த லைட் என்று இருக்கட்டும்.

அம்மா