ரீலோடிங் குழுவின் 2024ஆம் ஆண்டறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

டெக்சாஸில் இயங்கும், சுட்ட தோட்டா உறைகளில் மீண்டும் வெடிமருந்து நிரப்பிப் பயன்படுத்தும் (ரீலோடிங்) நம் சிறிய குறிசுடும் குழுவின் 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் சமர்ப்பிக்கிறேன். வெயில் கடுமையாக இருந்த ஜூலை தவிர மற்ற மாதங்களில் சந்திப்புகள் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புவது அந்த உறைகளைத் துலக்க வாங்கிய பொது டிரம் பற்றித்தான். இந்த ஆண்டு நம் நேரம் அதிகம் போனதும் அதில்தான்.

இதுவரை சுட்ட பித்தளைக் கேஸ்களை (தோட்டா உறைகளை) அவரவர் கராஜில், அதிரும் இயந்திரத்தில் மக்காச்சோளச் சக்கைத் தூள் போட்டுத் துலக்கி வந்தோம். கேஸின் அடியில் இருந்து மருந்துக்குத் தீ மூட்டும் பிரைமரில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருப்பதால் கேஸில் படியும் கரியில் ஈயம் இருக்கிறது. தூளைச் சலிக்கும்போது அது புழுதியாகப் பறக்கிறது. நம்மில் பலர் வீட்டில் சின்னப் பிள்ளைகள். தண்ணீரில் துலக்கினால் ஈயம் தண்ணீரோடு நிற்கும் என்பதால்தான் உருளும் டிரம் வாங்கினோம். அந்த அழுக்குத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்ற வேண்டாம். கேனில் சேர்த்து வையுங்கள், அபாயக் கழிவு சேகரிக்கும் நாளில் கொடுத்துவிடலாம்.

டிரம் வந்ததும் அடுத்த கேள்வி, உள்ளே எதைப் போடுவது? பெரும்பாலோர் போடுவது துருப்பிடிக்காத எஃகுப் பின்கள், அதாவது சின்னக் கம்பித் துண்டுகள். விலை குறைவாக இருக்கிறதே என்று ஒரு பை வாங்கியது நான்தான். முதல் சுற்றில் .308 ரைபிள் கேஸ்கள் புதிதுபோல வந்தன. பிரைமர் குழியின் மூலைகூடப் பளிச்சென்றிருந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்புறம் ஒரு மூத்த உறுப்பினர், மருந்து நிரப்பும் முன் ஒவ்வொரு கேஸையும் விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார். பிரைமரின் தீ மருந்துக்குப் போகும் அடியிலுள்ள தீத்துளையில் இரண்டு பின்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருந்தன. ஆணியால் குத்தித்தான் வெளியே வந்தன. அன்றைக்கு அப்படி இன்னும் மூன்று கிடைத்தன.

காலிப்பரில் அளந்தபோது காரணம் புரிந்தது. தீத்துளை சுமார் 2 மி.மீ. நான் வாங்கிய பின்னின் விட்டம் 1 மி.மீ. இரண்டு சேர்ந்தால் துளைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். வழக்கமான பின் 1.2 மி.மீ. விட்டம், 6.5 மி.மீ. நீளம். அதில் ஒன்று துளையில் தாராளமாக நழுவிப் போகும், இரண்டு ஒன்றாக நுழையவே முடியாது. இந்த 0.2 மி.மீ. வித்தியாசத்தைப் பார்க்காமல் வாங்கியது என் தவறு. அடைபட்ட துளையோடு மருந்து நிரப்பியிருந்தால் பிரைமரின் தீ சரியாகப் போயிருக்காது. தளர்ந்த பின் என்றால் துப்பாக்கிக் குழலுக்குள் போயிருக்கும். எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பின் ஏறக்குறைய 0.06 கிராம்தான், கேஸுக்குக் கேஸ் எடை அதைவிட அதிகமாக மாறும். எது நன்றாகத் தேய்க்கும் என்பதைவிட எது உள்ளே தங்கிவிடும் என்று பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் இந்த ஆண்டில் நான் கற்றது.

பழைய பின்களை ஒதுக்கிவிட்டு 1.2 மி.மீ. பின்கள் 5 பவுண்டு வாங்கியிருக்கிறோம். எஃகுச் சில்லுகளும் ஒரு பை சோதித்துப் பார்த்தோம். .223 போன்ற ஒடுங்கிய கழுத்துள்ள கேஸ்களில் ஈரப் பின்கள் கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பட்டையில் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. சில்லுகளோ ஒரு முறை அலசினாலே கொட்டிவிட்டன. பிரைமர் குழியைப் பின் அளவுக்குச் சுரண்டவில்லை, ஆனால் .223க்கு எனக்குச் சில்லுதான் பிடித்திருக்கிறது. பிஸ்டல் கேஸ்களுக்கு எதுவுமே போடாமல் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், சிட்ரிக் ஆசிட் மட்டும் போட்டும் ஓட்டினோம். வெளிப்புறம் சுத்தமாகவே வந்தது. உள்ளே கொஞ்சம் கரி நின்றது, அது பாதகமில்லை. தூரக்குறி சுடும் இருவர் மட்டும் பழைய சக்கைத் தூளிலேயே இருக்கிறார்கள். கழுத்தின் உள்ளே கரி முழுவதும் போய்விட்டால், பொருத்தும்போது குண்டு பிடித்துப் பிடித்து இறங்குகிறது என்கிறார்கள். அது நியாயமான காரணம்.

சிட்ரிக் ஆசிட் கால் டீஸ்பூன் போதும், இந்திய மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பேதான் அது. புளி போட்டுப் பித்தளைக் குடம் விளக்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அதிகம் போட்டாலோ நெடுநேரம் ஊற விட்டாலோ துத்தநாகம் அரிக்கப்பட்டு மேலே செம்பு ரோஸ் நிறத்தில் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவும் வேண்டாம், கேஸோடு கேஸ் மோதி வாய் விளிம்பு நசுங்குகிறது.

அம்மோனியா கலந்த பாலிஷ் எதையும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். தோட்டா உறை 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தானாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்பதை 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள்.

கழுவும் முன் பழைய பிரைமரை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழியில் தண்ணீர் தங்கும். காயவைக்க, வடாம் காயப்போடுவதுபோல் துண்டில் பரப்பி வெயிலில் வைத்தாலே போதும். குளிர்காலத்துக்காகக் குழுவின் பணத்தில் ஒரு உலர்த்தி வாங்கியிருக்கிறோம். அதில் யாரும் உணவு வைக்கக் கூடாது. வீட்டு அடுப்புப் பெட்டியையும் பயன்படுத்த வேண்டாம்.

டிரம், காந்தம், இரண்டு பை எஃகு எல்லாம் இப்போது என் கராஜில் உள்ளன. ஜனவரியில் எடுத்துச் செல்ல விரும்புகிறவர் முன்கூட்டியே சொல்லவும். கூடவே கைவிளக்கையும் தருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்