தோட்டத்துக் கோயில் கமிட்டிகளுக்கு: தப்பு மேளத்துக்குக் காட்டும் பொறுமை பேஸ் கிட்டாருக்கும் வேண்டும்

மலையகத் தோட்டங்களின் கோயில் கமிட்டித் தலைவர்மாருக்கும், மேடைக்கு சவுண்ட் வாடகைக்குத் தரும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

தப்பு அடிக்க வருகிறவர்களை நீங்கள் அவசரப்படுத்துவதில்லை. பனிக்குத் தோல் தளர்ந்திருக்கும், தீயில் காட்டி விறைப்பேற்றினால்தான் அடி கணீரென்று விழும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே மேடையில் ஏறும், பாட்டுக்குக் கீழ்ச்சுருதி தரும் பேஸ் கிட்டாருக்கு மட்டும் அந்தப் பொறுமை கிடைப்பதில்லை. வேன் வந்து நின்றதுமே "தம்பி, ஆரம்பிங்க" என்கிறீர்கள்.

பேஸுக்கு நடப்பது தப்புக்கு நேர் எதிர். குளிரில் எஃகுக் கம்பி சுருங்கி இறுகும், சுருதி ஏறும். மேடை விளக்கின் சூடு பட்டால் தளரும், சுருதி இறங்கும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் இரவு 8 மணிக் குளிர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. பையிலிருந்து எடுத்த கிட்டார், விளக்கு எரியும் மேடையில் 20 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அதன் பிறகு சுருதி சேர்த்தால்தான் நிற்கும். எல்ஈடி விளக்கென்றால் சூடு குறைவு, தொல்லையும் குறைவு. சவுண்ட் பார்க்க இன்னொரு 10 நிமிடம். ஆக அரை மணி நேரம். தலைவர் பேச்சை முன்னால் வைத்தால் அதுவும் கழிந்துவிடும்.

நேரத்தைவிட முக்கியமானது எர்த், அதாவது கசியும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் இணைப்பு. மேடைக்குக் கரண்ட் எடுக்கும் இடத்தில் வழக்கமாக நடப்பது இது: 13 ஆம்பியர் சொக்கெட்டின் மேல் ஓட்டையில் ஈர்க்குச்சியைக் குத்தி மூடியைத் திறப்பார்கள், இரண்டு முள் பிளக்கைச் செருகுவார்கள், அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் மேடை வரை போகும். விளக்கு எரியும், ஆம்ப் (கிட்டாரின் சத்தத்தைக் கூட்டும் பெட்டி) வேலை செய்யும், எல்லாம் சரி போலத் தெரியும். ஆனால் பேஸின் கம்பிகள், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் உலோக உடலோடு சேர்ந்தவை. ஆம்புக்கு எர்த் இல்லாமல் உள்ளே மின்கசிவு இருந்தால், அந்தக் கசிவு வாசிப்பவரின் விரலுக்கு வந்து நிற்கும். மிக்ஸர் வழியாக எர்த் ஆன மைக்கில் அவர் உதடு பட்டால் பாதை முழுமையாகிக் கரண்ட் அவர் உடலில் பாயும். மழையில் நனைந்த பலகையில் செருப்பில்லாமல் நிற்பவருக்கு மைக்கே தேவையில்லை.

ஆகவே பேஸ் ஆம்ப் வைக்கும் இடத்துக்கு மூன்று முள் லைன் ஒன்று வர வேண்டும். அது, கசிவு வந்ததும் கரண்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாக வர வேண்டும். ஜெனரேட்டர் என்றால் எர்த் வேலையை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், ஜெனரேட்டரை ஏற்றி வந்த லொறிக்காரர் அல்ல. சோதிப்பது எளிது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார்க் கம்பியிலும் மற்றதை மைக்கின் வலையிலும் தொட்டுப் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். நாற்பது, ஐம்பது என்று காட்டினால் காரணம் தெரியும்வரை யாரும் மேடை ஏற மாட்டோம், கோபிக்க வேண்டாம்.

எர்த் கெட்டால் இரைச்சலும் வரும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இரைச்சலின் அடிச்சுருதியும் அதுவே. பேஸின் தடித்த ஈ (E) கம்பியின் மூன்றாம் கட்டையில் (ஃப்ரெட்) பிறக்கும் ஜி (G) சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சலை மிக்ஸரில் வெட்டப் போனால் அந்த ஜியும் சேர்ந்து போகும்.

இனி சவுண்ட் அண்ணன்மாருக்கு. பேட்டரி இல்லாத பேஸை மிக்ஸரின் லைன் இன்புட்டில் நேராகச் செருகாதீர்கள். கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் அதன் பிக்கப்புக்குப் பத்து லட்சம் ஓம் அளவில் தடையுள்ள இன்புட் வேண்டும். லைன் இன்புட்டில் இருப்பது சில பத்தாயிரம்தான். சத்தம் மந்தமாகி, விரல் பட்ட தெளிவு செத்துவிடும். நடுவில் ஒரு டிஐ பெட்டி (கிட்டார்ச் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) போதும். கிட்டாரிலிருந்து பெட்டிவரை வயர் 6 மீட்டருக்குள் இருக்கட்டும். அங்கிருந்து மிக்ஸருக்கு மைக் வயரில் 50 மீட்டர் போனாலும் கெடாது. இரைச்சல் வந்தால் பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள், அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும். பிளக்கின் எர்த்தைக் கழற்றினாலும் இரைச்சல் போகும்தான், கூடவே ஆளும் போகலாம்.

மிக்ஸரின் பேஸ் சானலில் லோ கட் சுவிட்ச் அமுங்கிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். அது 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். பேஸின் நான்கு கம்பிகளோ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். கீழ்ச்சத்தத்தை வெட்டிவிட்டு "பேஸ் கேக்கல, கூட்டுங்க" என்றால் எதைக் கூட்டுவது? மரத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் மந்திரத்துக்கும் அறிவிப்புக்கும் சரி. பேஸை அதற்குள் தள்ளினால் டயஃப்ரம்தான் கிழியும்.

ஆம்பைப் பின்சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி வைப்பதுதான் மிக மோசமான இடம். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல். அதில் கால்பங்கு தூரத்தில் சுவர் இருந்தால் திரும்பி வரும் அலை முன்னால் போவதை அடித்துவிடும். சுவரை ஒட்டி வையுங்கள். பீப்பாய் மேல் பலகை போட்ட மேடையென்றால் ஆம்புக்கு அடியில் தடித்த ஸ்பொஞ்ச் போடுங்கள், பலகை சேர்ந்து உறுமாது.

எதிர் மலை லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பாட்டு போய்ச் சேராது, டும் டும் மட்டும் போகும் என்ற முறைப்பாடு நியாயமானது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அங்கேயும் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே கொஞ்சம் குறைத்து, 800 ஹெர்ட்ஸ் பக்கம் சற்று ஏற்றினால், மொத்தச் சத்தம் குறைந்தாலும் மேடை முன்னால் நிற்பவருக்கு ஒவ்வொரு சுரமும் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ட்ரம்ஸோடு பழக முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தொட்டில் ஆடுகிறது. கோயில் மண்டபமோ வாசிகசாலையோ வாரத்தில் ஒரு நாள், மாலை 5 முதல் 7 வரை கிடைத்தால் போதும். கரண்ட் பில்லில் எங்கள் பங்கைத் தருவோம், கூட்டிப் பூட்டிச் சாவியைப் பூசாரி ஐயா வீட்டிலேயே கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
மலையக இசைக்குழுக்களில் பேஸ் வாசிப்பவர்கள்