தலவாக்கலை வரை கூட வந்த அண்ணாவுக்கு நன்றி

போன சனிக்கிழமை ஹட்டன் – நுவரெலியா பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அண்ணா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் தலவாக்கலையில் இறங்கிவிட்டேன். என் மடியில் இருந்த சிபியூவைப் பார்த்து நீங்களாகத்தான் விசாரித்தீர்கள். திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டில் கோளாறு வந்ததிலிருந்து தங்கை படிக்க உட்கார்ந்தாலே திரை கறுத்து, கம்ப்யூட்டர் அணைந்துவிடும். கடையில் புதுக் கார்டுதான் வாங்க வேண்டும் என்றார்கள்.

நீங்கள் சொன்னபடியே கம்ப்யூட்டர் அடிப்படை வசதிகளோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடில், கார்டை இயக்கும் மென்பொருளான பழைய டிரைவரை முழுதாக நீக்கினேன். அப்புறம் பவர் வயரைக் கழற்றிவிட்டு, கார்டின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். அழிறப்பர் கறுத்தே போனது! நம் மலைநாட்டு ஈரம் கார்டையும் விடவில்லை. 'டிக்' என்ற சத்தம் வரும்வரை ஸ்லொட்டில் அழுத்தி மாட்டினேன்.

5 நாளாக ஒருமுறைகூட அணையவில்லை. தங்கை இப்போதும் கடந்தகால வினாத்தாளோடு அதன் முன்னால்தான் இருக்கிறாள். மிக்க நன்றி அண்ணா.