தீபாவளிக்கு வராத செய்தி

ஊத்தங்கரை,
18.5.2025

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. பேத்தி பள்ளியில் சேர்ந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே தோப்பில் செந்தூரா மாங்காய் இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெங்களூரா பழுக்க இன்னும் நாளாகும். ஒரு கூடை கட்டி அனுப்புகிறேன்.

நீ எழுதியிருந்ததில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாகிஸ்தானோடு சண்டை நடந்த மே 8ஆம் தேதி இரவு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மட்டும் எழுந்து போய் இருட்டில் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி. அன்று இரவு நானும்தான் பார்த்தேன். கராச்சி துறைமுகம் அழிந்தது என்றார்கள். இஸ்லாமாபாத்தே விழுந்துவிட்டது என்றும் ஒரு சேனலில் ஓடியது. ஸ்டுடியோவுக்குள் அபாயச் சங்கை ஊதிக்கொண்டே பேசினார்கள். விடிந்து பார்த்தால் ஒன்றும் உண்மையில்லை. கடைசியில் அந்தச் சங்கை ஒலிக்காதீர்கள் என்று அரசாங்கமே சொல்ல வேண்டியதாயிற்று. எல்லையில் இருக்கிற பையன்களின் அம்மாக்கள் அந்த ராத்திரியை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று நினைத்து நான் தூங்கவில்லை.

அண்ணன் ஏன் எழுந்து போனார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

1987 ஞாபகம் இருக்கிறதா? ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனாவும் அங்கத்து இனச் சண்டையை நிறுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தருமபுரி நாலு ரோடு டீக்கடையில் நாம் இரண்டு பேரும் கைதட்டினோம். அமைதிப்படையாக யாழ்ப்பாணம் போன நம் சிப்பாய்களுக்கு மாலை போட்ட படங்கள் வந்தன. அதில் அண்ணன் முகம் தெரிகிறதா என்று தேடினோம். அந்த ஒப்பந்தத்தில் புலிகள் கையெழுத்தே போடவில்லை என்பதைப் பற்றி அந்தக் கடையில் ஒருவரும் பேசவில்லை. சண்டையை நிறுத்தப் போன படை அக்டோபர் 10ஆம் தேதிவாக்கில் அதே ஜனங்களின் தெருக்களில் புலிகளோடு சண்டையைத் தொடங்கியது. யாழ்ப்பாணம் சில நாளில் கைக்கு வந்துவிடும் என்றார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிய சீக்கியப் படைப்பிரிவின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். நமக்கோ ரேடியோவில் முன்னேற்றம், முன்னேற்றம் என்ற சொல்தான் கேட்டது. மாலைப் பத்திரிகை வால்போஸ்டரில் கொட்டை எழுத்தில் 'யாழ் வீழ்கிறது' என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு நாம் பஸ் ஏறி ஊருக்கு வந்தோம்.

அது தீபாவளி, செல்வம். அக்டோபர் 21. நாம் இங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறி சாப்பிட்டு, உன் அம்மா 'பெரியவன் இல்லாத தீபாவளி' என்று கண் கலங்கியதற்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படை நுழைந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60 பேருக்கும் மேல் அங்கே செத்தார்கள். இது எனக்குத் தெரிய வந்தது எத்தனையோ வருஷம் கழித்து. எதிரியின் பொய்ச் செய்தியை நம்பி நான் ஏமாந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். என் வீட்டு ரேடியோவை நம்பித்தான் ஏமாந்தேன்.

நம் சிப்பாய்கள் 70,000 பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். மாகாண சபை அமைத்தார்கள், அந்த ஆட்சிக்கென்று ஒரு படை கட்ட இளம்பிள்ளைகளைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். 1989இல் ஜெயவர்தனாவுக்கு அடுத்து ஜனாதிபதியான பிரேமதாசாவே 'போய்விடுங்கள்' என்றார், நம்மை வெளியேற்றப் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். 1990 மார்ச் 24இல் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. ஜூனில் அங்கே மறுபடியும் போர். நம் பக்கம் செத்தவர்கள் சுமார் 1,200 பேர். அங்கத்து ஜனங்கள் எத்தனை பேர் என்று நம் பத்திரிகை எதிலாவது அன்று படித்தாயா? திரும்பி வந்தவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி துறைமுகத்துக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்குப் புரிகிறது. ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவர்களில் நம் அண்ணனும் இருந்தாரே. போகச் சொன்னார்கள், போனார். வரச் சொன்னார்கள், வந்தார்.

ஒரே ஒரு தடவை என்னிடம் பேசினார், கிருஷ்ணகிரி அணை மதகுப் பக்கம் உட்கார்ந்து. வீடு வீடாகச் சோதனை போடும்போது ஆபீசர் இந்தியில் கேட்பதை இவர்தான் தமிழில் கேட்க வேண்டுமாம். ஒரு கிழவி இவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'தம்பி, நீங்கள் தமிழ்ப் பிள்ளைதானே?' என்றாளாம். ஆபீசர், என்ன சொல்கிறாள் என்று கேட்டாராம். இவர், 'தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாள்' என்று சொல்லிவிட்டாராம். அப்புறம் அண்ணன் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இங்கே பாம்பாறு அணைப் பக்கம் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் ஒரு அம்மாவை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். கோயிலுக்குள் பதினொரு நாள் ஒளிந்திருந்த கதையைச் சொல்வார். யார் போட்ட ஷெல் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இந்த மாதம் அவர் வீட்டிலும் டிவி அணைந்தேதான் கிடந்தது.

ஜெயிக்கிறோம் என்று மட்டும் சொல்லும் செய்தியால் நமக்குக் கேள்வி கேட்கும் பழக்கமே போய்விட்டது. எதற்குப் போகிறோம், எப்போது வருவோம், அங்கே இருப்பவர்கள் நம்மைக் கூப்பிட்டார்களா? 87இல் நாலு ரோட்டில் நின்று இதை ஒருவராவது கேட்டிருந்தால் என்று இப்போது அடித்துக்கொள்கிறது மனசு.

சரி, ஒரு வேண்டுகோள். அண்ணனுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. உன் பேரன் போனில் பேச்சைப் பதிவு செய்வான் இல்லையா? அவர் பேச விரும்பினால் பேசட்டும். அவசரப்படுத்தாதே. பெங்களூரா பழுக்கும்போது அவரை இங்கே கூட்டிக்கொண்டு வா. மதகுப் பக்கம் போய் உட்காரலாம். இந்தத் தடவை நான் கேட்கிறேன்.

அன்புடன்,
மாதேஷ்