நீர் மாடலிங் மென்பொருளின் ஜெட்-ப்ளூம் திரையில் உள்ள குறை குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நீர் மாடலிங் மென்பொருளை மூன்று வருடமாக லைசென்ஸ் கட்டிப் பயன்படுத்துகிறேன். சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் வரவிருக்கும் ஒரு சிறிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைக்காக, கழிவு உப்புநீர் கடலில் எப்படிக் கலக்கும் என்று கணக்கிடும் வேலை எனக்கு. அந்த நீர் கடல்நீரைவிடக் கனமானது. வெளியே வந்ததும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் குழாய் முனையில் ஆறு போர்ட்டுகளை (நீர் வெளியேறும் துளைகளை) 60 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து, வேகமாகப் பீய்ச்சுகிறோம்.

பீய்ச்சும் நீரையும் (ஜெட்) அது கடலில் பரவும் படலத்தையும் (ப்ளூம்) கணக்கிடும் உங்கள் ஜெட்-ப்ளூம் திரையில், நீர் எந்தத் திசை நோக்கிப் பாய்கிறது என்று கொடுக்க 'கிடைக்கோணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. எங்களுக்குக் கடல் கிழக்கே. வரைபட வழக்கப்படி வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணி 90 என்று போட்டேன். உங்கள் மென்பொருளோ கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக எண்ணுகிறது. ஆக, கடலுக்குள் பாய வேண்டிய ஜெட் கரைக்கு இணையாக வடக்கே திரும்பிவிட்டது.

முதலில் ஓட்டியது ஜூன் மாதக் கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இங்கே கரையோர நீரோட்டமும் பெரும்பாலும் வடக்கு நோக்கித்தான், அதனால் படத்தைப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்புறம் நவம்பர் கணக்கை ஓட்டினேன். நீரோட்டம் தெற்கே போகிறது, ப்ளூம் மட்டும் வடக்கே கிளம்பி, வளைந்து திரும்பி வந்தது. நீரோட்டத்தை முழுக்க நிறுத்தி, ஒரே ஒரு போர்ட்டை வைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் தவறு எங்கே என்று புரிந்தது. நீரோட்டத்துக்குக் குறுக்கே பாய்கிற ஜெட்டும் அதோடு சேர்ந்து ஓடுகிற ஜெட்டும் ஒரே மாதிரி கலப்பதில்லை. அதுவரை எடுத்த எண்கள் எல்லாம் வீண்.

ஆறு போர்ட்டையும் மீண்டும் திறந்தபோது இன்னொரு குறை தெரிந்தது. போர்ட் ஒன்றுக்கு நொடிக்கு 0.08 கன மீட்டர் என்று கொடுத்திருந்தேன். மென்பொருள் அதையே மொத்த அளவு என்று எடுத்து ஆறால் வகுத்துவிட்டது. 160 மில்லிமீட்டர் விட்டமுள்ள போர்ட்டில் நொடிக்கு 4 மீட்டர் இருக்க வேண்டிய வேகம் 0.7 மீட்டருக்கும் கீழே. 7 மீட்டருக்கு மேல் எழ வேண்டிய உப்புநீர் ஒன்றரை மீட்டர்கூட எழவில்லை. மேனுவலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

உதவிப் பிரிவுக்கு இரண்டு முறை எழுதினேன். உள்ளீட்டைச் சரிபார்ப்பது பயனாளரின் பொறுப்பு என்று பதில் வந்தது. சரி, சரிபார்க்கிறேன். ஆனால் எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? மூன்று வார உழைப்பு போனது. இந்த எண்களை வைத்துத்தான் கருத்துக்கேட்புக் கூட்டத்தில், அந்த இடத்தில் வலை விரிக்கிற மீனவர்களுக்குப் பதில் சொல்லப் போகிறோம். தப்பான படத்தை அவர்கள் முன் வைத்திருந்தால் என் மனசு ஆறியிருக்காது.

அந்தக் கட்டத்தின் பக்கத்தில் திசைகாட்டும் அம்புக்குறி ஒன்று வேண்டும். நீரளவு போர்ட் ஒன்றுக்கா, மொத்தத்துக்கா என்று திரையிலேயே எழுத வேண்டும். இந்தத் திரையைப் பயன்படுத்தும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் உடனே தகவல் அனுப்புங்கள், அவர்களில் எத்தனை பேர் தப்பான கோணத்தோடு அறிக்கை கொடுத்திருப்பார்களோ. எனக்கு வீணான மூன்று வாரத்துக்கு ஈடாக லைசென்ஸ் காலத்தை நீட்டித்துத் தர வேண்டும். 15 நாளுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். இரண்டு சோதனைக் கோப்புகளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கடல்சார் மாடலிங் பொறியாளர்,
சென்னை.