‘சொல்லு’ என்று இனிக் கேட்காதே

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

நேற்று நீ கோபத்தோடு போனை வைத்துவிட்டாய். "பேச்சு வரவில்லை என்று இரண்டரை வயதுப் பிள்ளையை ஏன் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கொண்டு திரிகிறீர்கள்? நானும் மூன்று வயதில்தானே கதைத்தேன்" என்றாய். அந்தக் கதையை உனக்குச் சொல்லித் தந்தவன் நான்தான். ஆகவே பதிலும் நான்தான் எழுதவேண்டும். போனில் எனக்கு ஒழுங்காக விளக்க வராது. நீயும் இடையில் வெட்டிக் கதைப்பாய்.

போன கிழமை அலுமாரியின் மேல்தட்டை ஒதுக்கும்போது ஒரு பழைய கசெட் கிடைத்தது. மேலே அம்மாவின் எழுத்தில் உன் பெயரும் ‘2வது பிறந்தநாள்’ என்றும் இருந்தது. கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு ரெக்கோடர் தூசி பிடித்துக் கிடந்தது. அதை வாங்கிப் போட்டுக் கேட்டோம். ஒரே இரைச்சல். அதற்குள் ஒரு கீச்சுக் குரல்: "அம்மா, கேக் தா. அக்காக்கு வேண்டாம்." நீதான் தம்பி, இரண்டு வயதில். அம்மா சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘உன் புருஷனும் பிந்தித்தான் கதைத்தான்’ என்று சொல்லிச் சொல்லியே நான் மருமகளை ஐந்தாறு மாதம் மறித்து வைத்திருந்தேன். மறதியில் சொன்னதுதான், ஆனாலும் பொய் பொய்தானே.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அதே கதையை நான், பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் மிஸ்ஸிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். குடும்பத்தில் யாராவது பிந்திக் கதைத்திருந்தால், பிள்ளையை நேரத்தோடு காட்டவேண்டும் என்பதற்கு அது ஒரு காரணமாம். நாங்களோ அதையே சாட்டாக வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம்.

இரண்டு வயதுக் கிளினிக்கில் மிட்வைஃப் கேட்டது ஒரே கேள்வி: "இரண்டு சொல் சேர்த்துச் சொல்கிறானா?" அந்த வயதில் ஏறக்குறைய ஐம்பது சொல்லும், ‘பால் தா’, ‘அம்மா வா’ என்று கோத்துச் சொல்வதும் எதிர்பார்ப்பார்களாம். மருமகள் இல்லை என்றாள். ஆம்பிளைப் பிள்ளைகள் கொஞ்சம் பிந்தும் என்று வீட்டில் நான் தீர்ப்பு வழங்கினேன். அம்மா வசம்பு உரசி நாக்கில் தடவப் பார்த்தாள். பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் நேர்த்தியும் வைத்தாள். நேர்த்தியை நான் தடுக்கவில்லை. வசம்பை மருமகள் தடுத்தாள், நல்ல காலம்.

கடைசியில் அவள் என்னைக் கேட்காமலே பிள்ளையைக் காட்ட நேரம் பதிந்து, சேனல் பண்ணிவிட்டாள்.

தெரபிக்கு முதல் காதைப் பார்க்கச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. ரயில் வந்தால் சாப்பாட்டையும் விட்டுவிட்டு பல்கனிக்கு ஓடுகிற பிள்ளைக்குக் காதில் என்ன குறை? அந்தக் காது டொக்டர் பொறுமைசாலி. "ரயில் தரையையே அதிர வைக்கும் ஐயா, அதைக் கேட்கக் காதே தேவையில்லை. ‘சீப்பு’ என்று மெதுவாகச் சொன்னால் அந்த ‘ச’வும் ‘ப’வும் கேட்கிறதா என்பதுதான் விஷயம்" என்றார். பரிசோதித்தபோது காதுச் சவ்வுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நீர் தேங்கியிருந்தது. தடிமன் வந்துவந்து போகும் பிள்ளைகளுக்கு இது சாதாரணமாம். தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு மற்றவர் கதைப்பதைக் கேட்பதுபோல இருக்குமாம். பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார். ஆகவே உன் மகன் கொஞ்ச நாளாக எங்களை அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறான். நாங்கள் பிடிவாதம் என்று நினைத்தோம்.

முதல் நாளுக்கு என்ன கொண்டுபோகவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உன் சிநேகிதர்களுக்குத் தேவைப்பட்டால் சொல்: பிறந்ததிலிருந்து உள்ள கிளினிக் புத்தகம், காது ரிப்போர்ட், வீட்டில் விளையாடும்போது எடுத்த இரண்டு மூன்று சின்ன வீடியோ. புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காது. எங்களுடையவன் முதல் இருபது நிமிடம் மருமகளின் துப்பட்டாவுக்குள் இருந்தான். பிறகு, அவன் சொல்லும் சொற்கள் எல்லாவற்றையும் எழுதிய பட்டியல். அதை நான்தான் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பதினான்கு வந்தது. ரயிலுக்கு ‘கூ’ என்பதைச் சேர்ப்பதா விடுவதா என்று யோசித்து அடித்துவிட்டேன். மிஸ் அதைத் திரும்ப எழுதினார். ஒரே பொருளுக்கு ஒரே சத்தத்தை எப்போதும் சொன்னால் அதுவும் சொல்தானாம். வேலைக்கு வரும் அக்காவிடம் பழகிய ‘வத்துர’ (தண்ணீர்), ‘எபா’ (வேண்டாம்) இரண்டையும் நான் எழுதாமலே விட்டிருந்தேன், சிங்களம்தானே என்று. அவையும் கணக்கில் உண்டு. உன் மகன் அதிகமாகச் சொல்லும் சொல்லே ‘எபா’தான், அது வேறு விஷயம்.

ஒரு சொல்லில் எனக்கு ஏமாற்றம்தான். காலையில் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ‘தாத்தா, தாத்தா’ என்பானே, நினைவிருக்கிறதா? நானும் தேத்தண்ணீர்க் கோப்பையோடு ஓடுவேன். அவன் என்னைக் கூப்பிடவில்லையாம். எதிர்க் கூரையில் இருக்கும் காக்காவைச் சொல்கிறானாம். ‘க’ நாக்கின் பின்பக்கத்தில் பிறப்பது. சின்னப் பிள்ளைகள் அதை முன்னுக்குக் கொண்டுவந்து ‘த’ ஆக்கிவிடுவார்கள். இந்த வயதில் அதைத் திருத்தத் தேவையில்லை, பெரும்பாலும் நாலு வயதுக்குள் தானாகச் சரிவரும் என்றார் மிஸ். காக்காவும் நானும் ஒன்றாகிவிட்டோம் என்று அம்மா வீடு முழுக்கச் சொல்லித் திரிகிறாள்.

மொழி விஷயத்தில் நீ கேட்டதற்கு வருகிறேன். ஆரம்பத்தில் ஓர் இடத்தில், பிள்ளை குழம்பிப்போயிருக்கிறது, வீட்டில் இங்கிலிஷ் மட்டும் கதையுங்கள் என்றார்கள். இரண்டு கிழமை நானும் அம்மாவும் உடைந்த இங்கிலிஷில் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பிள்ளையோடு கதைப்பதே குறைந்துபோயிற்று. "கம், ஈட்" என்பதற்கு மேல் எங்களுக்கு என்ன வரும்? தெரபிஸ்ட் மிஸ் அதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். இரண்டு மூன்று மொழி காதில் விழுவதால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சு பிந்தாது, உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில் கதையுங்கள் என்றார். அன்றிலிருந்து வீடு பழையபடி இரைச்சலாகிவிட்டது.

தமிழில் தெரபி செய்பவர் கிடைப்பதுதான் கஷ்டம். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கிறார்கள். தனியாரிடம் போனால் காசு கரையும். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. யாரிடம் போனாலும் எங்கே படித்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேட்கவேண்டும். நான் கேட்டேன், அவர் கோபிக்கவில்லை. தாய் தகப்பனை வெளியே இருக்கச் சொல்கிற இடத்துக்கும், மூன்று மாதத்தில் கதைக்க வைத்துத் தருகிறேன் என்று உறுதி சொல்கிற இடத்துக்கும் நான் போகமாட்டேன்.

முதல் வகுப்பைப் பார்த்தபோது காசு வீண் என்றுதான் நினைத்தேன். மிஸ் பாயில் இருந்தார். கண்ணாடிபோன்ற ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஒரு சிவப்புக் கார், மூடி இறுக்கம். அதை அவன் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அவன் உருட்டினான், தட்டினான், கடித்தான். எனக்குக் கை துடித்தது, திறந்து கொடுக்க. மிஸ் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார், வேண்டாம் என்று. அரை நிமிடம் இருக்கும். அவன் டப்பாவைத் தூக்கி அவர் மடியில் வைத்து முகத்தைப் பார்த்தான். "திற" என்றார், திறந்தார். மூடினார். திரும்ப அதே. நாலாவது தடவை அவன் உதடு அசைந்தது: "தி." அவ்வளவுதான். கார் வெளியே வந்தது.

வரும் வழியில் திரீவீலருக்குள் மருமகள் அழுதாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அன்றைக்குப் புரிந்தது, தம்பி. நாங்கள் இவ்வளவு நாளும் அவனுக்குக் கதைக்க இடமே விடவில்லை. அவன் கையை நீட்ட முதலே பால், கண்ணால் பார்க்க முதலே பிஸ்கட். மற்ற நேரம் முழுக்கப் பரீட்சை: "இது என்ன? சொல்லு. மாமா வந்திருக்கிறார், சொல்லிக் காட்டு." மிஸ் தந்த வீட்டுவேலை எல்லாம் இதைத் திருப்பிப் போடுவதுதான். தனியாக இருத்திப் பாடம் நடத்துவது கிடையாது. குளிக்க வார்க்கும்போது, உடுப்புப் போடும்போது, கடற்கரைப் பக்கம் நடக்கும்போது அவன் முகத்துக்கு நேரே குனிந்து, அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிக் கதைக்கவேண்டும். அவன் ‘கார்’ என்றால் நாங்கள் ‘கார் போகுது’, ஒரு சொல் மட்டும் கூட. பிழையாகச் சொன்னால் திருத்தக்கூடாது, சரியாக ஒருதரம் நாங்கள் சொல்லிவிட்டு விடவேண்டும். "பாலா, வாழைப்பழமா?" என்று இரண்டையும் காட்டிக் கேட்கலாம். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணவேண்டும். பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். அம்மா ஆறில் தோற்றுவிடுகிறாள். அதற்காக, சொன்னால்தான் தண்ணீர் என்று பிள்ளையை வாட்டக்கூடாது. விரலால் காட்டினாலும் அது கேட்டதுதான். கை சைகை பழகினால் வாய் சோம்பிவிடும் என்று நான் பயந்தேன். அப்படி இல்லையாம்.

நீ கேட்காமல் விட்ட கேள்வியையும் நான் கேட்டேன். ஓட்டிசமா என்று. அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மிஸ் சுற்றி வளைக்கவில்லை. அதைச் சொல்லவேண்டியது பிள்ளை வைத்தியர்கள், ஒருநாள் பார்வையில் சொல்லவும் முடியாது. உங்கள் பேரன் காக்காவைக் காட்டிவிட்டுத் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறான், பெயர் சொன்னால் திரும்புகிறான், அது நல்ல விஷயம், எதற்கும் அடுத்த மாதம் வைத்தியரிடம் ஒருதரம் காட்டுங்கள் என்றார். என்ன பெயர் வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பயிற்சி அதற்காகக் காத்திருக்கவேண்டியதில்லை என்றும் சொன்னார். அந்தத் திகதி எடுத்தாயிற்று. முடிவு எதுவானாலும் உனக்கு மறைக்கமாட்டேன்.

இது ஆறு வகுப்போடு முடிகிற காரியம் இல்லை. இப்போது சொற்கள் இருபத்திரண்டு. சில கிழமை ஒன்றும் கூடாது, பிறகு இரண்டு மூன்று சேர்ந்து வரும். எண்ணுவதை விடச் சொல்லி மிஸ் சொல்கிறார், நான் ஒளித்து எண்ணுகிறேன்.

நீ அனுப்பிய டேப்லெட் அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறது. கோபிக்காதே. இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டோடு அது முடிந்துவிடும். உன்னோடு வீடியோவில் கதைப்பது அந்தக் கணக்கில் வராது. அது ஆளோடு ஆள் கதைப்பது.

ஆனால் நீ கதைக்கிற விதம்தான். "அப்பா சொல்லு, அப்பா சொல்லு" என்று பத்துத் தரம் கேட்கிறாய், அவன் எழும்பிப் போகிறான், நீ மனம் நொந்து வைக்கிறாய். உனக்கு இருக்கிற தவிப்பு எனக்குத் தெரியாதா? அந்த ஒரு சொல்லை மட்டும் இனிக் கேட்காதே.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. அங்கே காலை எட்டரைக்கு எடு, இங்கே பதினொன்று. குளித்துச் சாப்பிட முதல் அவன் நல்ல குணத்தில் இருக்கிற நேரம். போன தடவை காட்டினாயே, அந்த மஞ்சள் டாக்சி, அதை மேசை விளிம்பில் வை. "ஒண்டு... ரெண்டு..." என்று சொல்லிவிட்டு நிறுத்து. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரு, சொல்லு என்று சொல்லாதே. சோப்புக் குமிழ் விளையாட்டில் இப்போது அவன் அந்த இடத்தில் "ஊண்டு" என்கிறான். பத்து எண்ணும்வரை வராவிட்டால் நீயே "மூண்டு" என்று சொல்லி டாக்சியை விட்டுவிடு, திரும்ப முதலிலிருந்து தொடங்கு.

அம்மா சுகம். முழங்கால் பழையபடி.

அன்புடன்
அப்பா